குத்தகை யார் பெயரில்? பஸ்தரில் இரும்பும் துப்பாக்கியும்

2025 ஆகஸ்டில் குடியரசுத் துணைத் தலைவர் தேர்தல் களத்தில் இரண்டு தென்னிந்தியர்கள் எதிரெதிராக நின்றார்கள். ஆளுங்கூட்டணியின் வேட்பாளர் திருப்பூர்க்காரரான சி.பி. ராதாகிருஷ்ணன். ஒரு தமிழருக்கு தி.மு.க. வாக்களிக்குமா என்பதே அப்போது தமிழ்நாட்டுத் தொலைக்காட்சிகளின் பெரிய கேள்வி. அந்தச் சத்தத்தில் இன்னொரு விஷயம் அதிகம் கவனிக்கப்படாமல் போனது. எதிர்க்கட்சிகளின் வேட்பாளரான பி. சுதர்சன் ரெட்டி உச்ச நீதிமன்றத்தின் முன்னாள் நீதிபதி. சத்தீஸ்கரில் மாவோயிஸ்டுகளுக்கு எதிராக இயங்கிய சல்வா ஜூடும் பற்றிய வழக்கில் அவர் அந்தத் தீர்ப்பை எழுதாமல் இருந்திருந்தால் 2020-க்கு முன்பே நக்சல் தீவிரவாதம் ஒழிந்திருக்கும் என்று கொச்சியில் உள்துறை அமைச்சர் அமித் ஷா பேசினார். தீர்ப்பைத் திரித்துப் பேசுவது நீதிபதிகளை அச்சுறுத்தும் செயல் என்று ஓய்வுபெற்ற நீதிபதிகள் பதினெட்டுப் பேர் அறிக்கை விட்டார்கள். செப்டம்பர் 9 அன்று ராதாகிருஷ்ணன் 452 வாக்குகளும் ரெட்டி 300 வாக்குகளும் பெற்றார்கள். பேச்சு அதோடு முடிந்தது.

பதினான்கு ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு தீர்ப்பு ஓர் உள்துறை அமைச்சரை இன்னும் ஏன் உறுத்த வேண்டும்? 2011 ஜூலை 5 அன்று ரெட்டியும் எஸ்.எஸ். நிஜ்ஜாரும் சேர்ந்து வழங்கிய தீர்ப்பைச் செய்தித்தாள்கள் ஒரே வரியில் சுருக்கின: பழங்குடி இளைஞர்களைச் சிறப்புக் காவல் அதிகாரிகளாக்கி மாவோயிஸ்டுகளுக்கு எதிராக ஆயுதம் கொடுப்பது அரசியல் சாசனத்துக்கு விரோதம். ஐந்தாம் வகுப்பு தேறினாலே போதும் என்று எடுக்கப்பட்ட அந்த இளைஞர்களுக்கு மாத மதிப்பூதியம் 3,000 ரூபாய், அதில் பெரும்பங்கு மத்திய அரசின் பணம். சட்ட ரீதியாகத் தீர்ப்பின் உயிர் இதுதான். ஆனால் நீதிபதிகள் அங்கே நிற்கவில்லை. காங்கோவில் தந்தத்துக்காக நடந்த கொள்ளையை எழுதிய ஜோசப் கோன்ராடை நினைவுபடுத்தி, தண்டேவாடாவில் நடப்பதையும் இயற்கை வளத்தின்மீதான பசியோடு சேர்த்தே படிக்க வேண்டும் என்று எழுதினார்கள். துப்பாக்கிக்குப் பின்னால் இருக்கும் பொருளாதாரக் கொள்கையை நாட்டின் உச்ச நீதிமன்றமே கேள்வி கேட்டது. உறுத்தல் அங்கேதான் என்பது என் எண்ணம்.

சத்தீஸ்கரில், பஸ்தரின் தெற்கு ஓரத்தில், தண்டேவாடா மாவட்டத்தில், பைலாடிலா மலைத்தொடர் இருக்கிறது. காளையின் திமில்போல் எழும் அதன் முகட்டில் நாட்டின் மிகத் தரமான இரும்புத் தாது படிவு படிவாகக் கிடக்கிறது. ஒவ்வொரு படிவுக்கும் ஓர் எண் உண்டு. பொதுத்துறை நிறுவனமான என்.எம்.டி.சி. 1968-ல் பதினான்காம் படிவில் வேலையைத் தொடங்கியது. தாது முதலில் போனது இந்தியாவின் உருக்காலைகளுக்கு அல்ல, ஜப்பானுக்கு. அதற்காகவே கிரந்துலிலிருந்து கிழக்குத் தொடர்ச்சி மலையைக் குடைந்து விசாகப்பட்டினம் நோக்கி ரயில் பாதை போடப்பட்டது. அந்தப் பாதையில் பல ஆண்டுகள் தினமும் ஒரே ஒரு பயணிகள் ரயில்தான் ஓடியது. மற்றதெல்லாம் தாது வண்டிகள். மலையடிவாரத்தில் ஓடும் சங்கினி ஆறு சுரங்கக் கழிவால் செம்மண் குழம்பாயிற்று. அந்த நீரை நம்பிய கிராமங்கள் கிணறு கேட்டு மனுக்கொடுத்துக்கொண்டே இருந்தன.

வன்முறையும் புதிதல்ல. 1966 மார்ச் 25 அன்று ஜகதல்பூர் அரண்மனைக்குள் போலீஸ் சுட்டதில், ஆதிவாசிகள் தங்கள் தலைவராகக் கருதிய பஸ்தர் மன்னர் பிரவீர் சந்திர பஞ்ச் தேவ் செத்து விழுந்தார். 1978 ஏப்ரலில் பைலாடிலாவில் இயந்திரமயத்தால் வேலை இழந்த ஒப்பந்தத் தொழிலாளர்கள் போராடினார்கள். துப்பாக்கிச் சூட்டில் பலர் இறந்தார்கள், குடிசைகள் எரிந்தன. அந்நாளில் மாவோயிஸ்டுகள் அங்கே காலூன்றியிருக்கவில்லை. இதைச் சொல்லக் காரணம் உண்டு. மாவோயிஸ்டுகள் வந்ததால்தான் அரசு துப்பாக்கி எடுத்தது என்று சொல்பவர்கள் பஸ்தரின் கதையை எப்போதும் 1980-க்குப் பிறகே தொடங்குகிறார்கள்.

இனி 2005. அந்த ஆண்டின் நாட்காட்டியைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். ஜூன் மாதத் தொடக்கத்தில் சத்தீஸ்கர் அரசு டாடா ஸ்டீலோடு புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டது: பஸ்தரின் லோஹண்டிகுடாவில் ஆண்டுக்கு 50 லட்சம் டன் கொள்ளளவுள்ள உருக்காலை. ஜூலையில் எஸ்ஸாரோடு ஒன்று: தண்டேவாடாவின் துர்லி, பான்சி பகுதியில் ஆலை. இரண்டுக்கும் பைலாடிலாவில் தாது உண்டு என்ற வாக்குறுதி பின்னணியில் இருந்தது. அதே ஜூனில் பிஜாப்பூர் பக்கம் சல்வா ஜூடும் புறப்பட்டது. மாவோயிஸ்டுகளுக்கு எதிரான மக்களின் தன்னெழுச்சி என்று அரசு சொன்னது. முன்னின்று நடத்தியவர் மகேந்திர கர்மா, சட்டமன்றத்தில் காங்கிரஸ் எதிர்க்கட்சித் தலைவர். ஆட்சியில் இருந்தது பா.ஜ.க.வின் ராமன் சிங். நாட்டில் எதிலும் ஒத்துப்போகாத இரண்டு கட்சிகள் இதில் மட்டும் தோளோடு தோள் நின்றன. டிசம்பரில் சத்தீஸ்கர் சிறப்புப் பொதுப் பாதுகாப்புச் சட்டம் சட்டமன்றத்தில் நிறைவேறியது. எந்த அமைப்பையும் தடை செய்ய, அதற்கு உதவியவர் என்று யாரையும் உள்ளே தள்ள, அந்தச் சட்டம் வழி செய்தது.

சல்வா ஜூடும் ஊர்வலமாகக் கிராமத்துக்குள் நுழையும். கூடவே பாதுகாப்புப் படையும் வரும். முகாமுக்கு வரமாட்டோம் என்ற ஊர் எரியும். நெல் சேமிப்பு எரியும். ஆடு கோழி போகும். தோர்னாபால், கோண்டா, எர்ராபோர், பைரம்கட் என்று சாலையோர முகாம்களில் சுமார் 50,000 பேர் அடைக்கப்பட்டார்கள். அதைவிடப் பலர் காட்டுக்குள்ளும், எல்லை தாண்டி அன்றைய ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்துக்கும் ஓடினார்கள். அங்கே அவர்களுக்குக் குடும்ப அட்டை இல்லை, பழங்குடிச் சான்றிதழ் இல்லை. பிழைப்பு மிளகாய்த் தோட்டங்களில் கூலி வேலை. மாவோயிஸ்டுகளும் திருப்பி அடித்தார்கள். 2006-ல் எர்ராபோர் முகாமில் தூங்கிக்கொண்டிருந்தவர்களைக் கொன்றார்கள். 2007-ல் ராணி போத்லியில் 55 காவலர்கள், 2010-ல் தாட்மெட்லாவில் 76 பாதுகாப்புப் படையினர் இறந்தார்கள். 2013 மே மாதம் ஜிரம் பள்ளத்தாக்கில் கர்மாவையே கொன்றார்கள். காட்டிக்கொடுத்தவர் என்று பெயர்சூட்டி அவர்கள் கொன்ற சாதாரண ஆதிவாசிகளின் பட்டியலும் நீளம். அதை மறைத்து எழுதுவது நேர்மையல்ல.

இப்போது கேள்விக்கு வருகிறேன். சல்வா ஜூடுமுக்குப் பணம் கொடுத்தது யார்? மத்திய ஊரக வளர்ச்சி அமைச்சகத்தின் கீழ் நிலச்சீர்திருத்தம் பற்றி ஆராய்ந்த குழு 2009-ல் தயாரித்த வரைவு அறிக்கையில் ஓர் அத்தியாயம், டாடாவும் எஸ்ஸாரும்தான் அதன் முதல் நிதியாளர்கள் என்று நேரடியாகவே சொன்னது. கொலம்பஸுக்குப் பிறகு நடந்த மிகப் பெரிய பழங்குடி நிலப்பறிப்பு என்ற ஒப்பீடும் அதில் இருந்தது. நிறுவனங்கள் மறுத்தன. இறுதி அறிக்கையில் அந்த அத்தியாயம் அந்த வடிவில் இல்லை. யார் நீக்கினார்கள், எந்தச் சான்றை வைத்து எழுதினார்கள் என்பது பொதுவெளிக்கு வரவே இல்லை. அன்று முதல் ஒரு தரப்பு அந்த வரைவை வேதவாக்காக எடுத்துக்கொண்டு மேற்கோள் காட்டுகிறது. மறுதரப்பு, இறுதி அறிக்கையில் இல்லாததைப் பேசாதே என்கிறது.

எனக்கு இரண்டுமே திருப்தியில்லை. நிறுவனம் உத்தரவிட்டது, போலீஸ் சுட்டது என்ற சித்திரத்தில் பொருந்தாத ஒன்று இருக்கிறது. டாடா கேட்ட லோஹண்டிகுடாவில் சல்வா ஜூடும் ஊர்களை எரிக்கவில்லை. அது எரித்த ஊர்களில் பல, அப்போது யாரும் ஆலை கட்டத் திட்டமிடாத காட்டுப்பகுதி. ஆகவே ஒவ்வொரு சாம்பல் மேட்டுக்கும் ஒரு சுரங்க வரைபடத்தைத் தேடுவது வீண் வேலை. சதியை நிரூபிக்கக் கிளம்புபவர் சதி கிடைக்காதபோது தோற்றுவிடுகிறார். எதிர்த்தரப்புக்கு அதுவே போதுமானதாகிவிடுகிறது. ஆனால் ஆட்சி செய்பவர்களுக்கும் முதலாளிகளுக்கும் இரவில் கூடிச் சதி செய்ய வேண்டிய தேவையே இல்லை. பகலில், அலுவலக நேரத்தில், முத்திரையிட்ட காகிதங்களில் அது நடக்கிறது. அந்தக் காகிதங்களைத்தான் நாம் படிப்பதில்லை.

லோஹண்டிகுடாவின் காகிதத்தையே எடுத்துக்கொள்வோம். பத்துக் கிராமங்கள், சுமார் 1,700 விவசாயிகள், 1,700 ஹெக்டேருக்கு மேல் நிலம். பஸ்தர் அரசியல் சாசனத்தின் ஐந்தாம் அட்டவணையில் வரும் பழங்குடிப் பகுதி. 1996-ம் ஆண்டின் பெசா சட்டப்படி, நிலம் எடுக்கும் முன் கிராம சபையைக் கலந்தாக வேண்டும். ஆனால் எதைப் பற்றிக் கலப்பது? டாடாவோடு போட்ட ஒப்பந்தம் இரகசியம். அரசு அதை மக்கள்முன் வைக்கவில்லை. விலை என்ன, தண்ணீர் எவ்வளவு, வேலை யாருக்கு என்று தெரியாத ஒரு சபையில் கருத்துக் கேட்டார்கள். மறுத்தவர்கள்மீது வழக்குகள் விழுந்தன.

துர்லி, பான்சி கிராமங்களில் 2006 செப்டம்பரில் கூட்டப்பட்ட சபைகளைப் பற்றி, அங்கே போன உண்மையறியும் குழுக்களிடம் ஊரார் சொன்னதைக் கேளுங்கள். ஊரைச் சுற்றிப் போலீஸ். வெளியாட்கள் யாரும் நுழைய முடியாது. மக்கள் ஒன்றாக உட்கார்ந்து பேசும் சபை இல்லை. ஒருவர் இருவராக ஓர் அறைக்குள் கூப்பிட்டார்கள். உள்ளே அதிகாரிகள், மேசை, ஏற்கெனவே எழுதி வைத்த தாள். கையெழுத்தோ கைநாட்டோ வைத்துவிட்டு மறுபக்கம் வெளியேற வேண்டும். அதற்குச் சம்மதம் என்று பெயர். அரசு இதை மறுத்தது. ஆனால் யோசித்துப் பாருங்கள்: பக்கத்து வட்டாரங்களில் ஊர் ஊராக எரிந்துகொண்டிருந்த அதே காலத்தில், போலீஸ் சூழ்ந்த ஓர் அறைக்குள் தனியாக நிற்கும் ஒருவர் முடியாது என்று சொல்வாரா? சல்வா ஜூடும் துர்லியை எரிக்க வேண்டிய அவசியமே இல்லை. எரியும் செய்தி துர்லிக்குப் போய்ச் சேர்ந்தால் போதும்.

என் வாதத்தின் நடு முடிச்சு இது. அரசு வன்முறை ஒரு குறிப்பிட்ட சுரங்கத்துக்காக நிலத்தைக் காலி செய்து தருகிறது என்பதைவிட, மறுக்கும் உரிமையைச் செல்லாக்காசாக்குகிறது என்பதே சரியான விவரிப்பு. சட்டம் ஆதிவாசிக்குக் கொடுத்த ஒரே ஆயுதம் கிராம சபையில் வேண்டாம் என்று சொல்வது. அந்த வாயை அடைத்துவிட்டால் மற்றதெல்லாம் தானாகவே நடக்கும்.

ஒடிசாவின் நியம்கிரியில் அந்த வாய் திறந்தபோது என்ன நடந்தது என்பது நமக்குத் தெரியும். வேதாந்தாவின் பாக்சைட் சுரங்கத்தைப் பற்றி முடிவெடுக்கும் பொறுப்பை 2013 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் கிராம சபைகளிடம் விட்டது. நூற்றுக்கு மேற்பட்ட கிராமங்களில் மாநில அரசு பன்னிரண்டை மட்டும் தேர்ந்தெடுத்தது. ஆனால் இம்முறை மாவட்ட நீதிபதியின் பார்வையில், எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து, வெளிப்படையாகப் பேசினார்கள். பன்னிரண்டும் மறுத்தன. அங்கே வாழும் டோங்கிரியா கோந்து பழங்குடியினர் திடீரென்று அறிவாளிகளாகிவிடவில்லை. கேட்ட முறை மாறியது, அவ்வளவுதான்.

லோஹண்டிகுடாவில் டாடா கடைசிவரை ஆலை கட்டவில்லை. 2016-ல் விலகியது. நிலம் உடனே திரும்பி வந்ததா என்றால் இல்லை. தொழில்துறையின் நில வங்கியில் கிடந்தது. 2018 டிசம்பரில் ஆட்சி மாறிய பிறகு புதிய காங்கிரஸ் அரசு திருப்பித் தர முடிவெடுத்து, 2019 பிப்ரவரியில் ஆவணங்களை ஒப்படைத்தது. தொழிலுக்காக எடுத்த நிலம் உழவருக்குத் திரும்பிய அபூர்வ உதாரணம் என்று அதைக் கொண்டாடினார்கள். கொண்டாடலாம். ஆனால் இடையே போன பத்துப் பதினைந்து ஆண்டுகளும், வழக்குகளில் அலைந்த நாட்களும் எந்த ஆவணத்தில் திரும்பி வந்தன?

இரும்பில் பணம் எங்கே போகிறது என்பதையும் ஒரு பத்தியில் சொல்லிவிடுகிறேன். 2009 ஆகஸ்ட் வரை இரும்புத் தாதுக்கு அரசு வாங்கிய ராயல்டி டன்னுக்கு அதிகபட்சம் 27 ரூபாய். சீனாவின் உருக்காலைகள் தாதுவை விழுங்கிய அந்த ஆண்டுகளில் சந்தையில் ஒரு டன் பல ஆயிரம் ரூபாய். அதாவது ஒப்பந்தங்கள் அவசர அவசரமாகக் கையெழுத்தான 2005-ல், மண்ணுக்கு அடியில் இருந்த செல்வம் கிட்டத்தட்ட இலவசம். அதன்பிறகுதான் விலையில் பத்து சதவீதம், பிறகு பதினைந்து என்று ஆயிற்று. ஒரு தொழிலுக்கு மூலப்பொருள் இவ்வளவு மலிவாகக் கிடைக்கும்போது, அதை முதலில் பிடிக்கும் போட்டியில் யாரும் பொறுமையாக இருக்க மாட்டார்கள்.

உள்ளூர் அளவிலும் நலன்கள் இருந்தன. அவற்றை மறந்துவிட்டு டாடா, எஸ்ஸார் என்று மட்டும் பேசுவது கதையைப் பாதியாக்கும். 1990-களில் பஸ்தரைக் குலுக்கிய மாலிக் மக்பூஜா ஊழல் உண்டு. ஆதிவாசிகளின் பட்டா நிலத்தில் நின்ற தேக்கு மரங்களை அற்ப விலைக்கு வாங்கி, அனுமதி ஆணைகளை வளைத்து, வெட்டி விற்ற வியாபாரம் அது. அந்த வழக்கில் சி.பி.ஐ. குற்றம் சாட்டியவர்களின் பட்டியலில் மகேந்திர கர்மாவின் பெயரும் இருந்தது. சல்வா ஜூடுமின் உள்ளூர்த் தலைவர்களில் வியாபாரிகளும் ஒப்பந்தக்காரர்களும் நிறையப் பேர். முகாம் கட்ட, அரிசி ஏற்ற, சாலை போட என்று பணம் பாய்ந்தது. போர் நீடித்தால் பிழைக்கும் ஒரு வர்க்கம் அங்கேயே உருவாயிற்று.

நிறுவனங்கள் எல்லாத் தரப்போடும் கணக்கு வைத்துக்கொண்டன என்ற சந்தேகம் வேறு. பைலாடிலாவிலிருந்து விசாகப்பட்டினத்துக்கு எஸ்ஸார் 267 கிலோமீட்டர் நீளத்துக்குக் குழாய் பதித்தது. தாதுத்தூளைத் தண்ணீரில் கரைத்துக் குழம்பாக அனுப்பும் குழாய். அது மாவோயிஸ்டுகளின் செல்வாக்குள்ள காட்டின் வழியாகப் போகிறது. ஒருமுறை அவர்கள் அதை வெடிவைத்துத் தகர்த்தார்கள். எஸ்ஸார் மாவோயிஸ்டுகளுக்குக் கணிசமான பணம் கொடுப்பதாக நிறுவனத்தின் பிரதிநிதி ஒருவர் தங்களிடம் சொன்னார் என்று அமெரிக்கத் துணைத் தூதரகம் எழுதிய குறிப்பு ஒன்றை விக்கிலீக்ஸ் வெளியிட்டது. நிறுவனம் மறுத்தது. 2011 செப்டம்பரில் எஸ்ஸாருக்காக மாவோயிஸ்டுகளுக்குப் பணம் கைமாறியது என்று சத்தீஸ்கர் போலீஸ் ஒரு வழக்குப் போட்டது. நிறுவன அதிகாரி, ஒப்பந்தக்காரர், இவர்களோடு ஆதிவாசிப் பள்ளி ஆசிரியை சோனி சோரி, அவருடைய உறவினரான ஓர் இளைஞர். நிறுவன அதிகாரிக்கும் ஒப்பந்தக்காரருக்கும் ஜாமீன் சீக்கிரம் கிடைத்தது. சோனி சோரிக்குக் கிடைத்தது சிறையும், காவலில் நேர்ந்த பாலியல் சித்திரவதையும். கொல்கத்தா மருத்துவமனையின் அறிக்கை உச்ச நீதிமன்றத்தின் முன் வைக்கப்பட்டது. அவர் குற்றம் சாட்டிய காவல் அதிகாரிக்கு அடுத்த குடியரசு தினத்தில் வீரப் பதக்கம். 2022 மார்ச்சில் வழக்கில் எல்லோரும் விடுதலையானார்கள். அப்படியானால் குழாயைக் காக்க யாருக்கு யார் என்ன கொடுத்தார்கள்? தீர்ப்புக்குப் பிறகு அந்தக் கேள்வியைக் கேட்க யாரும் இல்லை. எஸ்ஸார் ஸ்டீல் 2019-ல் கடனில் மூழ்கி ஆர்சலர்மித்தல் நிப்பான் கைக்குப் போய்விட்டது.

தில்லிக்கு வருவோம். 2009-ல் பஸ்தர் உள்ளிட்ட பகுதிகளில் பெரிய அளவில் மத்தியப் படைகள் இறக்கப்பட்டபோது உள்துறை அமைச்சர் நம் சிவகங்கை உறுப்பினர் ப. சிதம்பரம். பத்திரிகைகள் அதை ‘பசுமை வேட்டை’ என்றழைத்தன. அப்படி ஒரு நடவடிக்கையே இல்லை என்று அவர் சொல்லிவந்தார். 2004 மே மாதம் நிதியமைச்சராகும்வரை அவர் வேதாந்தா ரிசோர்சஸ் நிறுவனத்தின் இயக்குநர்களில் ஒருவர். இதை வைத்து அவர் வேதாந்தாவுக்காகப் படை அனுப்பினார் என்று எழுதுவோர் உண்டு. அதற்குச் சான்று இல்லை, நான் அப்படிச் சொல்ல மாட்டேன். சுரங்க நிறுவனத்தின் இயக்குநராக இருந்தவர் சில ஆண்டுகளில் சுரங்கப் பகுதிகளின் பாதுகாப்புக்குப் பொறுப்பாகலாம், அதைப் பற்றி நாடாளுமன்றத்தில் ஒரு வார்த்தை விளக்கம் தரத் தேவையில்லை என்று நம் சட்டம் இருப்பதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

கட்சிகளின் கல்லாப்பெட்டி இன்னும் தெளிவாகப் பேசுகிறது. 2014 மார்ச்சில் தில்லி உயர் நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது: வேதாந்தாவின் குழும நிறுவனங்களான ஸ்டெர்லைட், சேசா ஆகியவற்றிடம் நன்கொடை வாங்கியதன் மூலம் காங்கிரஸும் பா.ஜ.க.வும் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தை மீறிவிட்டன. இரண்டு கட்சிகளும் அப்புறம் என்ன செய்தன? 2016-ன் நிதிச் சட்டத்தில் வெளிநாட்டு நிறுவனம் என்பதன் வரையறை மாற்றப்பட்டது. அது 2010 வரைதான் பின்னோக்கிப் போனது. போதவில்லை. 2018-ல் மறுபடி திருத்தி 1976 வரை பின்னோக்கிக் கொண்டுபோனார்கள். மக்களவையில் விவாதம் இல்லை. ஒரு குற்றத்தை நாற்பத்திரண்டு ஆண்டுகளுக்கு முன்னாலிருந்தே குற்றமில்லாமல் ஆக்கிவிட்டார்கள். அந்த 2018-ம் ஆண்டு மே மாதம்தான் தூத்துக்குடியில் ஸ்டெர்லைட்டை எதிர்த்தவர்கள்மீது போலீஸ் சுட்டு 13 பேர் இறந்தார்கள். சுட்டது வேறு கட்சியின் அரசு, இறந்தவர்கள் பழங்குடிகள் அல்லர். ஆனாலும் காகிதமும் துப்பாக்கியும் ஒரே பருவத்தில் வருவதை நாம் வீட்டு வாசலிலேயே பார்த்தோம்.

பிறகு தேர்தல் பத்திரம். 2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றம் அதை ரத்துசெய்து, மார்ச்சில் பட்டியல் வெளியானபோது சுரங்கத் துறையின் பெயர்கள் வரிசையாக வந்தன. வேதாந்தா 400 கோடி. ஜிண்டால் ஸ்டீல் அண்டு பவர் 123 கோடி. உத்கல் அலுமினா 145 கோடி. கடைசிப் பெயரில் எனக்குக் கண் நின்றது. ஒடிசாவின் காஷிப்பூரில் அந்தத் திட்டத்தை எதிர்த்த ஆதிவாசிகள்மீது 2000 டிசம்பர் 16 அன்று மைகாஞ்ச் கிராமத்தில் போலீஸ் சுட்டது. மூவர் இறந்தார்கள். அன்று திட்டம் வேறு பல கூட்டாளிகளின் கையில் இருந்தது, இன்று ஹிண்டால்கோவின் கையில். துப்பாக்கிச் சூட்டுக்கும் பத்திரத்துக்கும் இடையே இரண்டு தசாப்தம். சட்டப்படி எந்தத் தொடர்பும் இல்லை. ஆனால் சுரங்கக் குத்தகை தரும் அதிகாரம் யாரிடம் இருக்கிறதோ அவர்களுக்கே சுரங்கப் பணம் போகிறது என்பதை ஏழு ஆண்டுகள் சட்டமே மறைத்துவைத்தது.

குத்தகையின் வடிவமும் மாறிவிட்டது. பைலாடிலாவின் பதின்மூன்றாம் படிவு நந்தராஜ் மலையில் இருக்கிறது. சுற்றுக் கிராமங்களுக்கு அது தெய்வம் குடியிருக்கும் மலை. அதன் குத்தகை என்.எம்.டி.சி.யும் மாநிலச் சுரங்கக் கழகமும் சேர்ந்த கூட்டு நிறுவனத்தின் பெயரில். ஆக, காகிதத்தில் அரசுச் சுரங்கம். ஆனால் தோண்டி எடுத்துத் தரும் ஒப்பந்தம் போனது அதானி எண்டர்பிரைசஸுக்கு. எம்.டி.ஓ. என்று இதைச் சொல்கிறார்கள்: சுரங்கத்தை அமைப்பதும் நடத்துவதும் தனியார், உரிமையாளர் பொதுத்துறை. ஆதிவாசி வழக்குப் போட்டால் எதிரே நிற்பது அரசு நிறுவனம். வனத்துறையிடம் அனுமதி கேட்பதும் அரசு நிறுவனம். இலாபம் பார்க்கும் ஆள் திரைக்குப் பின்னால். 2019 ஜூனில் ஆயிரக்கணக்கான ஆதிவாசிகள் அம்பும் வில்லுமாகக் கிரந்துலில் என்.எம்.டி.சி. வாசலில் வந்து உட்கார்ந்தார்கள். 2014-ல் ஹிரோலி கிராம சபை சம்மதித்ததாகக் காட்டப்பட்ட தீர்மானம் போலி என்றார்கள். படித்தவர்கள் பெயருக்கு நேரே கைநாட்டு, இறந்தவர் பெயரிலும் சம்மதம் என்று சுட்டிக்காட்டினார்கள். மாநில அரசு மரம் வெட்டுவதை நிறுத்தி விசாரணைக்கு உத்தரவிட்டது.

சார்கேகுடாவைச் சொல்லாமல் பஸ்தரைப் பற்றிப் பேச முடியாது. 2012 ஜூன் 28 இரவு பிஜாப்பூர் மாவட்டத்தின் சார்கேகுடா, கோட்டகுடா, ராஜ்பேண்டா என்ற மூன்று ஊர்க்காரர்கள், விதைப்புக்கு முந்தைய பீஜ் பண்டும் விழாவைப் பற்றிப் பேசத் திடலில் கூடியிருந்தார்கள். யார் நிலத்தை யார் உழுவது, கால்நடை இல்லாதவருக்கு யார் உதவுவது என்பது போன்ற பேச்சு. மத்திய ரிசர்வ் போலீஸும் மாநிலப் போலீஸும் சூழ்ந்து சுட்டதில் 17 பேர் இறந்தார்கள். அவர்களில் சிறுவர்களும் உண்டு. பெரிய மோதல், மாவோயிஸ்டுகள் பலி என்று முதல்நாள் செய்தி. நீதிபதி வி.கே. அகர்வால் ஆணையத்தின் அறிக்கை 2019 டிசம்பரில் வெளியே வந்தபோது தெரிந்தது: ஊரார் சுட்டதற்குச் சான்றில்லை, இறந்தவர்கள் மாவோயிஸ்டுகள் என்பதற்கும் சான்றில்லை, காவலர்களுக்கு ஏற்பட்ட காயம் அவர்களுடைய ஆட்களே சுட்டதால் இருக்கலாம். ஒருவரை மறுநாள் காலையில் வீட்டில் வைத்துக் கொன்றிருந்தார்கள். சார்கேகுடாவின் அடியில் இரும்பு இருக்கிறதா என்று யாரும் கேட்க வேண்டியதில்லை. எல்லாவற்றுக்கும் பின்னால் ஒரு நிறுவனத்தின் பெயரைத் தேடுபவர்கள் இங்கே வெறுங்கையோடு திரும்புவார்கள். ஆனால் ஊர் கூடிப் பேசுவதே ஆபத்தான செயல் என்று ஒரு வட்டாரம் முழுவதற்கும் கற்றுக்கொடுத்த இரவு அது. அந்த அறிக்கையை வைத்து இதுவரை ஒருவர்கூடத் தண்டிக்கப்படவில்லை.

2011-ன் தீர்ப்புக்கும் அதே கதிதான். ஆயுதங்களைத் திரும்பப் பெறச் சொன்ன நீதிமன்றத்துக்கு மாநில அரசு கொடுத்த பதில், அதே ஆண்டில் ஒரு துணை ஆயுதப் படைச் சட்டம். சிறப்புக் காவல் அதிகாரிகள் புதிய பெயரில் நிரந்தரப் பணிக்கு வந்தார்கள். பிறகு மாவட்ட ரிசர்வ் காவல் படை விரிவடைந்தது. சரணடைந்த மாவோயிஸ்டுகளும் உள்ளூர் இளைஞர்களும் அதில் சேர்க்கப்பட்டார்கள். சட்டமன்றம் சட்டம் இயற்றுவது நீதிமன்ற அவமதிப்பு ஆகாது என்று சொல்லி 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் அது தொடர்பான அவமதிப்பு வழக்கை முடித்தது. ஆகவே, அந்தத் தீர்ப்பால்தான் போர் தாமதமானது என்ற உள்துறை அமைச்சரின் புகாருக்கு அடிப்படை குறைவு. தீர்ப்பு ஒருநாளும் முழுதாக அமலாகவில்லை.

சாலையும் பள்ளியும் முகாமோடுதான் வரும் என்பது அரசின் வாதம். மாவோயிஸ்டுகள் பள்ளிக் கட்டடங்களைத் தகர்த்ததும், சாலை போட வந்தவர்களைக் கொன்றதும் உண்மை என்பதால் அந்த வாதத்தை அப்படியே தள்ளிவிட முடியாது. ஆனால் 2021 மே மாதம் சில்கேரில் இரவோடிரவாக எழுந்த முகாமை எதிர்த்தவர்கள் மருத்துவமனையும் பள்ளியும் கேட்டார்கள். முகாமும், காட்டைப் பிளக்கும் அகலச் சாலையும் வேண்டாம் என்றார்கள். மே 17 அன்று சுட்டதில் மூவர் இறந்தார்கள். நெரிசலில் சிக்கிய கர்ப்பிணி ஒருவர் பிறகு இறந்தார். அங்கிருந்து பிறந்த மூல்வாசி பச்சாவோ மஞ்ச் என்ற இளைஞர் அமைப்பு, துப்பாக்கி எடுக்காமல் பல ஆண்டுகள் உட்கார்ந்து போராடியது. 2024 அக்டோபரில் அது தடை செய்யப்பட்டது. தடைக்கு அரசு சொன்ன காரணங்களில், வளர்ச்சிப் பணிகளையும் பாதுகாப்பு முகாம்களையும் தொடர்ந்து எதிர்க்கிறது என்பதும் ஒன்று. தடை வந்தது, ஒப்பந்தங்கள் கையெழுத்தான 2005-லேயே இயற்றிய அந்தச் சிறப்புப் பொதுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி.

2026 மார்ச் 31-க்குள் மாவோயிசத்தை ஒழிப்பதாக மத்திய அரசு கெடு வைத்தது. 2025 மே 21 அன்று மாவோயிஸ்டுகளின் பொதுச் செயலாளர் நம்பால கேசவ ராவ் அபூஜ்மாட் காட்டில் கொல்லப்பட்டார். சரணடைவோர் வரிசை நீண்டது. ஆயுதம் ஏந்திய இயக்கம் அந்தக் காட்டில் முடிவதற்காக வருந்த எனக்குக் காரணம் இல்லை. அது ஆதிவாசிக்குச் சுதந்திரம் தரவில்லை. ஆனால் அரசுக்கும் இனி ஒரு சாக்குக் குறைகிறது. பாதுகாப்பு என்ற சொல்லைக் காட்டி ஒப்பந்தங்களை மூடிவைக்கவோ, கிராம சபையைப் போலீஸ் சூழக் கூட்டவோ இனிக் காரணம் இல்லை. சுரங்க ஒப்பந்தங்களையும் எம்.டி.ஓ. ஒப்பந்தங்களையும் ஊராரின் கோண்டி, ஹல்பி மொழிகளில் சபையில் வாசித்துக் காட்டட்டும். நியம்கிரியில்போல ஒரு நீதிபதியைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கருத்துக் கேட்கட்டும். மறுத்தால் மறுப்பை ஏற்கட்டும். நாமும் ஒன்று செய்யலாம். பஸ்தரில் இத்தனை பேர் சரணடைந்தார்கள், இத்தனை பேர் கொல்லப்பட்டார்கள் என்ற செய்தி வரும் நாளில், அதே வாரத்தில் எந்த மலைக்குக் குத்தகை ஏலம் நடந்தது, யார் எடுத்தார்கள் என்பதையும் தேடிப் படியுங்கள்.